குமாஸ்தாவைக் கேளுங்கள்

சென்னை தம்புச் செட்டித் தெரு வக்கீல் ஆபீஸ்களில் யார் பெரியவர் என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேடாதீர்கள். பெயர்ப்பலகையில் சீனியர் மேலே, ஜூனியர்கள் கீழே. குமாஸ்தாவின் பெயர் எங்கும் இராது. ஆனால் மனு நம்பர் ஆகுமா, ரிட்டர்ன் ஆகுமா, எந்த செக்‌ஷனில் கட்டு தூங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஐந்து வருடம் சட்டம் படித்த பையன் அவரை ‘அண்ணே’ என்பான். அவர் இவனை ‘சார்’ என்பார். அந்த ‘சார்’ வரும் தொனியிலேயே யார் பெரியவர் என்று தெரிந்துவிடும்.

ஜூனியருக்குக் காலையில் கோர்ட்டில், கேஸைக் கொஞ்சம் தள்ளி எடுக்கச் சொல்லி ‘பாஸ் ஓவர்’ கேட்கும் வேலை. மாலையில் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்று திட்டு வாங்கும் வேலை. சித்திரை வெயிலிலும் கறுப்பு உடுப்பு. சம்பளமா? “தொழில் கத்துக்கறான்ல!”

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கவனித்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்றது. பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆபீசில் அதை ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைத்தவன் ஜூனியர்தான், சொந்தக் காசில். சீனியர் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார். அடுத்த வாரம் அவருக்கு லேபர் கோர்ட்டில் சம்பள பாக்கி கேஸ் ஒன்று, தொழிலாளி தரப்பில்.

“நல்ல உத்தரவுப்பா. ஃபைல் பண்ணி வை” என்றார்.

வைத்தாயிற்று. எந்த ஃபைலில் என்று குமாஸ்தாவைத்தான் கேட்க வேண்டும்.