தேரை வழியா, யானை வழியா?

ஏலே பேராண்டி, நட்சத்திரத்துக்குக் குடி போகணும்னு துடிக்கியாமே! தாராளமாப் போ. முதல்ல ஒண்ணு சொல்லு: நீ போகப்போறது தேரை வழியா, யானை வழியா?

யானை 22 மாசம் சுமந்து ஒத்தக் குட்டி போடும். பால் குடுக்கணும், பெரியம்மா சித்தியெல்லாம் சுத்தி நின்னு காவல் காக்கணும். கரும்புத் தேரைக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஒரே ஈட்டுல 8,000 முதல் 30,000 முட்டை வரைக்கும் தண்ணியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரும். 1967-ல மெக்ஆர்தர், வில்சன்னு ரெண்டு அமெரிக்க வாத்தியாருங்க தேரை வழிக்கு ‘ஆர்’, யானை வழிக்கு ‘கே’ன்னு இனிஷியல் போட்டு வச்சாங்க.

2016-ல அறிவிச்ச ‘பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட்’ திட்டம் சுத்தத் தேரை வழி. கிராம் எடையில சில்லு செஞ்சு, பாய் கட்டி, லேசரால தள்ளி, ஆயிரக்கணக்குல ஆல்பா செண்டாரி நட்சத்திரத்துக்கு விடணுமாம். ஒளி வேகத்துல அஞ்சுல ஒரு பங்குல போனா 20 வருசப் பயணம். வழியில தூசி பட்டுப் பாதி போனாலும் மீதி போய்ச் சேருமாம். நீயோ பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டு, வேன் தெருமுனை திரும்புமுன்ன டிரைவருக்குப் போன் போடுதவன். அங்கேருந்து ‘வந்து சேந்துட்டேன்’னு தகவல் வரவே நாலு வருசத்துக்கு மேல ஆகும்லே. உம் பொண்டாட்டி தாங்குவாளா?

சரி, தேரை வழிதான்னு வச்சுக்க. அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1935-ல கரும்புத் தோட்டத்து வண்டைத் திங்கட்டும்னு ஹவாய்லேருந்து நூறு தேரை போல ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனாங்க. வண்டைத் தவிர மத்ததெல்லாம் தின்னுச்சு! குயின்ஸ்லாந்துல எறக்குனது கண்டத்தோட மேற்கு வரைக்கும் போயிருச்சு. ஆரம்பத்துல வருசத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் நகந்த கூட்டம், பின்னால அம்பதைத் தாண்டுச்சு. ஏன்? வேகமா ஓடுனதுக மட்டும் முன்வரிசைக்குப் போச்சு. பக்கத்துல வேற ஆள் இல்ல. ஓட்டக்காரனுக்கும் ஓட்டக்காரிக்கும் கல்யாணம். பிள்ளைகளுக்குக் கால் நீண்டுக்கிட்டே வந்துச்சு. ஓடுன ஓட்டத்துல பலதுக்கு முதுகுல வாதமும் வந்துச்சு.

இப்பப் புரியுதா? நட்சத்திரம் நட்சத்திரமாத் தாவிப் போறதும் அப்பிடித்தான் ஆகும். நின்னு வீடு கட்டுதவன் பின்னால தங்கிருவான். கடைசி நட்சத்திரத்துல கொடி நடுதவன் எங்கயுமே நிக்கத் தெரியாதவனா இருப்பான். நீ சொல்லிக் குடுத்த நல்ல புத்தியெல்லாம் ரெண்டாவது ஊர்லயே எறங்கிக் குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கும்.

அதனால மொதக் கப்பல்ல யார ஏத்தணும்னு யோசிச்சு ஏத்து. ஊர்ல அடங்காதவன அனுப்பிட்டாத் தொல்லை தீரும்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. அப்பிடி அனுப்பினா, வானம் பூரா அவன் வம்சந்தாம்லே!