டிக் கணக்கு

‘சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்’ என்று ஒரு பட்டியல் வந்தால் போதும், கை தானாகப் பேனாவைத் தேடும். முதல் டிக் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879, தமிழின் முதல் நாவல். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதாதா? ‘பொன்னியின் செல்வ’னில்தான் சிக்கல். ஐந்து பாகத்துக்கு ஒரு டிக்கா, ஐந்தா? 2022-லும் 2023-லும் தியேட்டரில் பார்த்தவர்கள் இரண்டு கேட்கிறார்கள். பாப்கார்ன் செலவையும் யோசிக்க வேண்டுமே. ‘விஷ்ணுபுர’த்தை வாங்கி அலமாரியில் வைத்தவருக்கு அரை டிக், தூசி தட்டியவருக்கு முழுசு.

ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல்களுக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. அவற்றைத்தான் நிஜமாகவே படித்துத் தொலைத்துவிட்டோமே! பஸ் ஸ்டாண்டில் வாங்கி, ஊர் வருவதற்குள் முடித்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று.