கேளுங்கள், சொல்கிறேன்: நித்யாவின் கேசட்

எண்பதுகளின் இளையராஜா என்றால் எல்லாரும் அதே பத்துப் படத்தைத்தான் சொல்கிறார்கள். யாரும் கண்டுகொள்ளாத ஒன்றைச் சொல்லுங்களேன்? (உசிலம்பட்டி வாசகர்)

யோசிக்கவே மாட்டேன். 'நினைவெல்லாம் நித்யா', 1982. ஸ்ரீதர் இயக்கம், கார்த்திக்கும் ஜிஜியும் ஜோடி, பாட்டெல்லாம் வைரமுத்து. 'பனிவிழும் மலர்வனம்', 'நீதானே எந்தன் பொன்வசந்தம்', 'ரோஜாவைத் தாலாட்டும் தென்றல்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். "அட, இதெல்லாம் ஒரே படமா?" என்பார்கள். பாட்டுகள் தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டன. கூடப்பிறந்தவை என்பது ஊருக்கு மறந்துபோயிற்று. ஒரே உட்காரலில், வரிசையாக, நடுவில் எழுந்து போகாமல் கேட்க வேண்டிய தொகுப்பு அது. எஸ்.பி.பி. தனியாகப் பாடிய பாட்டுகளிலேயே வேறு வேறு ஆளாக வருகிறார்: ஒன்றில் கவிஞன், ஒன்றில் காதலன், ஒன்றில் காலேஜைக் கட் அடித்தவன்.

படம் ஓடவில்லையாமே. பாட்டு அவ்வளவு நல்லா இருந்தா படம் ஓட வேண்டாமா? (திருமங்கலம் வாசகி)

சாம்பார் நன்றாக இருக்கிறதே என்று வேகாத சோற்றைச் சாப்பிட முடியுமா அம்மா? 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' கொடுத்த அதே ஸ்ரீதர்தான். ஆனால் இந்தப் படம் வந்த வேகத்தில் போய்விட்டது. அந்த வருடத்து நெரிசலையும் பாருங்கள். 'மூன்றாம் பிறை', 'பயணங்கள் முடிவதில்லை', 'சகலகலா வல்லவன்', 'கோபுரங்கள் சாய்வதில்லை' எல்லாம் 1982, எல்லாம் ராஜா. பாரதிராஜாவின் 'காதல் ஓவியம்' படமும் அதே வருடம்தான், அதுவும் ஓடவில்லை, அதன் பாட்டும் சாகவில்லை.

படம் ஓடாததில் பாட்டுக்கு ஒரு லாபம் உண்டு. 'மூன்றாம் பிறை'ப் பாட்டைப் போட்டால் கமலும் ஸ்ரீதேவியும் கேத்தி ஸ்டேஷனும் வந்து நின்றுவிடுவார்கள். வேறு யாருக்கும் அங்கே இடமில்லை. நித்யாவின் பாட்டுகளோடு எந்த முகமும் வரவில்லை. நம்மில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு 'நீதானே எந்தன் பொன்வசந்தம்' என்றால் ஆரப்பாளையத்தில் ஏறிய தேனி பஸ்தான். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் திணறி ஏறும்போது சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பி வழியாக மடியில் விழும். டிரைவர் கேசட்டைத் திருப்பிப் போடுவார். முன்சீட்டில் ஒரு மல்லிகைப்பூ. அந்தப் பூவின் முகத்தைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை. அந்தப் பாட்டுக்குக் கதாநாயகி எனக்கு அவள்தான், ஜிஜி மன்னிக்கட்டும்.

ராஜாவும் வைரமுத்துவும் எங்க தேனிப் பக்கம். மதுரைக்காரரான நீங்க ஏன் இவ்வளவு சொந்தம் கொண்டாடுறீங்க? (பெரியகுளம் வாசகர்)

1982-ல் தேனி ஏது தனி மாவட்டம்? ராஜாவின் பண்ணைப்புரமும் மதுரை மாவட்டம், வைரமுத்துவின் வடுகபட்டியும் மதுரை மாவட்டம். வைகை அணைக்காக ஊர் எடுபட்டு வடுகபட்டிக்கு வந்த குடும்பம் அவருடையது. ராஜாவும் அவரும் 1980-ல் 'நிழல்கள்' படத்தில் சேர்ந்தவர்கள், இரண்டே வருடத்தில் இங்கே வந்து நிற்கிறார்கள். 1986-க்குப் பிறகு சேரவே இல்லை. ஆகவே நீங்களும் நாங்களும் பங்காளிகள், பாகம் பிரிப்பதற்கு முந்தைய சொத்து இது.

ஒன்று சொல்ல வேண்டும். இருவரும் நம் மண் என்பதால் இதில் உடுக்கையும் உறுமியும் தேடாதீர்கள். டிரம்ஸ், கிடார், வயலின் கூட்டம் என்று நிற்கிற தொகுப்பு இது. கரிசலும் செம்மண்ணும் மிதித்து வளர்ந்தவர்கள் கிராமத்துப் பாட்டு மட்டுமே போட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களை எனக்கு ஆகவே ஆகாது.

'பனிவிழும் மலர்வனம்' கர்நாடக சங்கீதமா, மேற்கத்திய இசையா? வீட்டில் சண்டையே வந்துவிட்டது. (எஸ்.எஸ். காலனி வாசகி)

இரண்டு பேருமே ஜெயித்தீர்கள், சண்டையை நிறுத்துங்கள். ராகம் சலநாட்டை, 36-ஆவது மேளகர்த்தா. கச்சேரித் தொடக்கத்தில் 'மகா கணபதிம்' பாடுகிறார்களே, அந்த நாட்டையின் தாய் ராகம். விவாதி ராகம் என்பார்கள். இதில் ரிஷபமும் காந்தாரமும் ஒட்டிக்கொண்டு நிற்கும், தைவதமும் நிஷாதமும் அப்படியே. ஒண்டுக்குடித்தனத்தில் இரண்டு அடுப்பு மாதிரி உரசல். பாட வந்தவர்கள் பலர் இதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்போது கிடார் பக்கம் வாருங்கள். ராக் கிடார்காரர்கள் 'ஹென்ட்ரிக்ஸ் கார்டு' என்று ஒரு சுரக்கூட்டைக் கொண்டாடுவார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967-ல் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் வாசித்துப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம், தைவதம், ரிஷபம். ஐந்துமே சலநாட்டைச் சுரங்கள்! நம் வித்வான்கள் தயங்கிய அதே உரசலை அவர்கள் வேண்டி விரும்பி வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் கற்ற ஒருவர் கையில் அந்த ராகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிதான் உங்கள் வீட்டுச் சண்டை.

இதில் ஒரு பாட்டைத்தான் காப்பாற்றலாம் என்றால்? (ஆரப்பாளையம் வாசகர்)

'தோளின் மேலே பாரம் இல்லே'. மற்றவற்றைக் காப்பாற்ற ஊரே இருக்கிறது, இதற்கு ஆள் குறைவு. மெல்லிசை மேடையில் கேட்க முடியாது, கல்யாண வீட்டில் போட மாட்டார்கள். பச்சையான பாப் பாட்டு, துள்ளல். தமிழில் ராக் உண்டா என்று கேட்பவர் கையில் இதைக் கொடுங்கள்.

இந்தப் பாட்டை நாம் சரியாகக் கேட்காததற்கு ஒரு காரணமும் உண்டு. நம்மூரில் அன்று பாட்டு கேட்டது எதில்? கோயில் கொடையில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், டீக்கடையில் ஒற்றை ஸ்பீக்கர் டேப்பில். பாஸ் கிடாரின் கீழ்த்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். குழாய் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. குரல் நாலு வயல் தாண்டிப் போகும், பாஸ் மரத்தைவிட்டே இறங்காது. சசிதரனின் பாஸ் கிடாரும் புருஷோத்தமனின் டிரம்ஸும் கோலோச்சிய குழு ராஜாவுடையது. அவர்கள் உழைப்பில் பாதி நமக்கு வந்து சேரவே இல்லை. இன்று நல்ல ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். இத்தனை வருடம் பழகிய வீட்டில் ஒரு நிலவறை இருந்தது தெரியவரும்.

2012-ல் கௌதம் மேனன் எடுத்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (மேலூர் மாணவர்)

'நீதானே என் பொன்வசந்தம்' என்ற தலைப்பே இந்தக் கேசட்டிலிருந்து போனதுதான், 'எந்தன்' மட்டும் 'என்' ஆயிற்று. இசையும் ராஜாவே. ஓடாத படத்தின் பாட்டு முப்பது வருடம் கழித்து இன்னொரு படத்துக்குப் பெயர் வைத்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்தானே.

இந்தப் பாட்டுகளை ரீமிக்ஸ் செய்யலாமா? (அதே மாணவர்)

வேண்டாம் தம்பி.

அப்பா காலமாகிவிட்டார். அவர் பதிந்து வைத்த 'நினைவெல்லாம் நித்யா' கேசட் பரணில் கிடைத்தது. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பாட்டெல்லாம்தான் போனிலேயே இருக்கிறதே, இதைத் தூக்கிப் போட்டுவிடவா? (சோழவந்தான் வாசகி)

போடாதீர்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை உடனே டேப்பில் போட்டுவிடவும் வேண்டாம், ஹெட்டில் ஒட்டி நாடாவைச் சுருட்டிவிடும். ஆறுபட்டைப் பென்சிலைப் பல் சக்கரத்தில் விட்டு, அவசரப்படாமல் ஒருமுறை முழுக்கச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் நாடா விடுபடட்டும். பிறகு விவரம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

உள்ளே மடித்த அட்டையில் பாட்டு வரிசை அவர் கையெழுத்தில் இருக்கும். அன்று வெற்றுக் கேசட்டையும் சீட்டையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்போம். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது என்று முடிவு செய்ய ஒரு ராத்திரி போகும். போனில் இருப்பது ராஜாவின் பாட்டு. அட்டையில் இருப்பது அப்பா கேட்ட வரிசை.

இன்னொன்றும் பாருங்கள். கேசட்டின் முதுகில், இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் பதிய முடியாது. காசில்லாத நாளில் பழைய பாட்டின் மேலேயே புதுப் பாட்டைப் பதிவதுதான் எல்லார் வீட்டிலும் நடந்தது. உங்கள் அப்பா அந்த இரண்டு பல்லையும் உடைத்து வைத்திருக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.