இருபது கிராம் ஆசாமி

முந்தாநாள் வாங்கிய கேழ்வரகு பிஸ்கட்டில் கேழ்வரகு 6 சதவீதம். முதலிடம் மைதாவுக்கு, அடுத்தது சர்க்கரைக்கு, மூன்றாவது பாமாயிலுக்கு. முகப்பில் மட்டும் முற்றிய கதிர், பச்சை வயல், மண்பானை. பொய் என்று சண்டைக்குப் போகவும் வழியில்லை. எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும், படம் போட்டுப் பீற்றிக்கொள்கிற பொருள் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லியிருக்கிறார்கள். ஒட்டுமடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில். இந்தக் கடுப்பு ஆறுவதற்குள் லேபிள் படித்து நான் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. கடையில் வரிசைக்கு நடுவே வழிமறித்து நின்று, பாக்கெட்டைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, உதட்டைப் பிதுக்கிவிட்டு, அதே பாக்கெட்டைக் கூடையில் போடுகிறோமே, அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படித்த காரணத்தால் வாங்காமல் போனவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. “வாங்கப் போறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறீங்களாப்பா?” என்று மகள் கேட்கிறாள். பின்னால் நாலு தள்ளுவண்டிகள் காத்து நிற்கும்.

சின்ன வயதில் மிக்சர் காகிதப் பொட்டலத்தில் வந்தது. அதிலும் படிக்க விஷயம் இருந்தது: ஒரு கொலைச் செய்தியின் முதல் பாதி, மணமகள் தேவை, எண்ணெய்க் கறைக்கு அடியில் ஒரு நடிகை. அந்த அச்சு மையில் ஈயம் இருக்கலாம், செய்தித்தாளில் தின்பண்டம் கட்டாதீர்கள் என்று இப்போது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எச்சரிக்கிறது. ஆக, அந்தக் காலத்தில் லேபிளையும் சேர்த்தே தின்றிருக்கிறோம்.

பிறகு பாக்கெட் வந்தது. விலை, எடை, தயாரித்த மாதம் இருந்தால் போதும் என்று இருந்தோம். 2011 விதிமுறைகளில் கலோரி, புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு என்று ஒரு கட்டம். 2020 விதிமுறைகள் கட்டத்தை நீட்டின: சேர்த்த சர்க்கரை தனி, நிறைவுற்ற கொழுப்பு தனி, டிரான்ஸ் கொழுப்பு, சோடியம். அசைவத்துக்கு இருந்த பழுப்பு வட்டம் முக்கோணம் ஆனது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகச் செய்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். கூடவே ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி, கொழுப்பு 67 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்று கணக்கு வைத்து, ஒரு தடவை பரிமாறுவதில் அதில் எத்தனை சதவீதம் தீர்கிறது என்றும் போடச் சொன்னார்கள்.

இங்கேதான் அந்த ஆசாமி உள்ளே நுழைகிறார்.

என் வீட்டில் இருக்கும் 200 கிராம் மிக்சர் பாக்கெட்டில் “ஒரு பரிமாறல் 20 கிராம்” என்று இருக்கிறது. 20 கிராமை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக் குழி நிறையவில்லை. அரை முந்திரி, ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் ஓமப்பொடித் தூள். இதைத் தின்று எழுந்து போகிறவர் யார்?

அவரை என்னால் பார்க்க முடிகிறது. சாயங்காலம், வெளியே மழை, காபி வந்துவிட்டது. பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டுகிறார்; பல்லால் கடிக்கும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. 20 கிராம் எடுத்ததும் வாயை மடித்துத் துணிக் கிளிப் மாட்டுகிறார். உள்ளே 180 கிராம் இருக்கிறது என்று தெரிந்தும் அவர் கை நடுங்குவதில்லை. மறுநாள் ஒரு 20. பத்தாவது நாள் கடைசி 20. அதற்குள் நமுத்துப் போகாதா என்றால், போகாது. அவர் வீட்டில் காற்றே அனுமதி கேட்டுத்தான் வரும்.

பிஸ்கட் என்றால் அவருக்கு இரண்டு. மூன்றாவது டீயில் விழுந்து கரைந்தால் அது டீயின் கணக்கு. குளிர்பானப் பாட்டிலில் 200 மில்லி குடித்து மூடிவைப்பார். மூன்றாம் நாள் கேஸ் போன சர்க்கரைத் தண்ணீரை முகம் சுளிக்காமல் முடிப்பார். ஐஸ்கிரீம் கரண்டியைக் கழுவி வைத்த பிறகு ஃப்ரிட்ஜை இன்னொரு முறை திறக்கமாட்டார். எழும்பூரில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் திருச்சிவரை வரும். எதிர் சீட்டுக் குழந்தை உற்றுப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். குழந்தைக்குக் கொடுத்தால் சதவீதம் இடித்துவிடும். தலை தீபாவளிக்கு மாமியார் தட்டு நிறையக் கொட்டியபோது “20 கிராம் போதும் அத்தை” என்றாராம். மாப்பிள்ளை கோபமாக இருக்கிறார் என்று விடிவதற்குள் தெரு முழுக்கச் செய்தி. சமாதானம் பேச வந்த பெரியவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்தான் கொடுத்தார். அவருக்கு நண்பர்கள் கிடையாது. இருந்தால் பாக்கெட் எப்படிப் பத்து நாள் வரும்?

இந்த மனிதரைப் பெற்றவள் இந்தியாவில் இல்லை. ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதமெல்லாம் இவருக்காகத்தான். மிக்சரில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம். 20 கிராமில் 160. அவருக்கு 8 சதவீதம். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! கிரிக்கெட்டில் இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் பாக்கெட்டின் அடித்தூளை உள்ளங்கையில் தட்டுகிற எனக்கு 80 சதவீதம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அதாவது நாலு கிராம். ஒரு நாளைக்கு ஐந்துதான். மீதி ஒரு கிராமில் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாம் முடியவேண்டும். “ஏங்க, பாதியிலயாவது இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்ல?” என்றாள் மனைவி. பாதியில் எப்படிப் போடுவது, எழுத்தெல்லாம் எண்ணெய்.

பரிகாரங்களும் வராமல் இல்லை. சினிமா விமர்சனம் போல அரை ஸ்டார் முதல் ஐந்து ஸ்டார் வரை முகப்பில் போடலாம் என்று 2022இல் ஒரு வரைவு வந்தது. மிக்சருக்கு இரண்டரை கிடைத்தால் நம் ஆட்கள் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று வாங்கிவிடுவார்கள். சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு மூன்றையும் தடித்த பெரிய எழுத்தில் போடும் யோசனைக்கு 2024இல் ஒப்புதல் கிடைத்தது. சிலி நாட்டில் 2016லிருந்தே எட்டு மூலைக் கறுப்பு முத்திரை: சர்க்கரை அதிகம், உப்பு அதிகம். தராசு வேண்டாம், பூதக்கண்ணாடி வேண்டாம். முத்திரை விழுந்த பெட்டியில் குழந்தைகளை மயக்கும் கார்ட்டூன் பொம்மையும் கூடாது.

நம் பாக்கெட்டில் பொம்மைக்குப் பதில் பாட்டி. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். மற்ற மொழிகளை விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். யார் விரும்புகிறார்கள்? முகப்பில் ‘பாட்டி கைமணம்’ என்று கொட்டை எழுத்தில் அழகான தமிழ். பின்னால் பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின், சுவையூட்டிகள் 627, 631 எல்லாம் பொடி ஆங்கிலத்தில். தன் கைமணத்தில் 631 இருப்பது பாவம், பாட்டிக்கே தெரியாது.