கவலை யாருக்கு?

மன அழுத்தமா? பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் மலையைச் சுற்றிவிட்டு வாருங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். பஸ்ஸில் நின்றபடியே வந்து, 14 கிலோமீட்டர் வெறுங்காலில், கூட்டத்தின் முழங்கைகளுக்கு நடுவே நடந்தால் பழைய கவலை எதுவும் நிற்காது. பாதம் எரிகிறபோது வீட்டுக்கடன் தவணை எங்கே ஞாபகம் வரும்? வழியில் இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய இடுக்கில் ஒருக்களித்து நுழைந்தவருக்கோ 'பாசிட்டிவாக இரு' என்கிற உபதேசமே வேண்டாம். மறுபக்கம் வெளியே வந்தால் போதும்.

1896இல் இதே ஊருக்கு வந்த 16 வயதுப் பையன் வெங்கடராமன், கோயிலின் பாதாள லிங்கத்தருகே பூச்சிகள் தொடையைக் கடிப்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. துன்பம் என்று வந்தவர்களிடம், அது யாருக்கு என்று பார்க்கச் சொன்னார். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் 'நான் யார்?' என்று தொடங்கிக் கேட்டவற்றுக்கு எழுதிக் காட்டியே பதில் தந்தார். கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. தொழில் தெரியாத மனிதர்!

இன்றைக்கென்றால் மூன்று நாள் முகாம், யோகா பாய், மூலிகை டீ, கடைசியில் சான்றிதழ். 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை அதிலேயே அச்சாகியிருக்கும், பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.