உடைந்த கோப்பைகளும் ஒரு ஹெல்மெட்டும்

கே: கை தவறிப் பால் குக்கரைக் கவிழ்த்த என்னை மன்னிக்கவே மாட்டேன் என்கிறான் என் ஐந்து வயது மகன். ஒளித்து வைத்த முறுக்கைத் திருடும் தாத்தா மட்டும் அவனுக்கு நல்லவர். இவனுக்கு எப்போது நியாயம் புரியும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ப: அந்த வயசுக்கு அது சரியான தீர்ப்புதான், அம்மா! சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932-ல் வெளியிட்ட நூலில் இதே வழக்கு இருக்கிறது. கதவுக்குப் பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்தவன் ஒருவன். அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்கப் போய், ஒரே ஒரு கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் அதிகம் கெட்டவன்? சின்னப் பிள்ளைகள் பலரும் 15-ஐத்தான் கை காட்டினார்கள். சேதாரக் கணக்குதான் அவர்களுடைய சட்டம். ‘வேணும்னா செஞ்சான்?’ என்று கேட்கத் தோன்றுவது ஒன்பது, பத்து வயதை நெருங்கும்போதுதான்.

பிறகு வந்த அமெரிக்கர் லாரன்ஸ் கோல்பெர்க், அடிக்குப் பயப்படுவதில் தொடங்கி மனசாட்சி வரை ஆறு படிகள் கட்டினார். ஆறாவதில் ஏறி நிற்க ஆள் கிடைப்பதே அபூர்வமாக இருந்தது. (அவர் முதலில் ஆராய்ந்தது பையன்களை மட்டுமே; 1982-ல் உளவியலாளர் கேரல் கில்லிகன் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.)

ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய், போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏற்றுகிறவர் இன்னும் முதல் படியில்தான் நிற்கிறார். வயசு 45 இருக்கும். அவருக்கு எப்போது புரியும் என்று பியாஜே சொல்லவில்லை.