கழுத்து நிற்காத ராஜா

ஆட்சியைப் பிடித்தவனுக்குக் கை பரபரக்கும் முதல் வேலை காசு அடிப்பதுதான். படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! பல்மைராவின் செனோபியா ராணி எகிப்தைப் பிடித்ததும், அலெக்சாந்திரியாவில் அடித்த காசில் ஒரு பக்கம் ரோமப் பேரரசன் அவுரேலியன் தலை, மறுபக்கம் தன் மகன் வாபல்லாத்துஸ் தலை. எந்தப் பக்கம் விழுந்தாலும் தப்பிக்கலாம் என்ற கணக்கு. கி.பி. 272ல் அவுரேலியன் படையோடு கிளம்பி வந்தான், கணக்கு பலிக்கவில்லை.

அந்தக் காசுக்குச் சிவனொளிபாத மலையடி நல்லதண்ணியில் உட்கார்ந்து ஆசைப்படலாம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் பென்ஷனில் ஆசை மட்டும்தான் படலாம். ஆகவே உள்ளூர் அபகரிப்பாளர்களின் காசு சேர்க்க இறங்கினேன். இவர்கள் மலிவு.

நம் மலைக்கு வந்துபோன பொலன்னறுவை ராஜா நிசங்கமல்லன் பகவா குகையில் கல்வெட்டும் வைத்துவிட்டு 1196ல் கண்ணை மூடினான். பொலன்னறுவையில் அடிதடி ஆரம்பம். மகன் வீரபாகு ஒரே ராத்திரி ராஜா. நிசங்கமல்லனின் தம்பி விக்கிரமபாகு மூன்று மாதம். அவனைக் கொன்ற மருமகன் சோடகங்கன் ஒன்பது மாதம்; அதற்குள் தன் பெயரில் காசும் அடித்துவிட்டான், கெட்டிக்காரன். தளபதி கித்தி அவன் கண்ணைப் பிடுங்கித் துரத்திவிட்டு லீலாவதியை உட்கார வைத்தான். அந்த அம்மா மூன்று முறை ஏறி மூன்று முறையும் இறக்கப்பட்டாள்.

காசு மட்டும் மாறவே இல்லை. ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். ராஜராஜ சோழன் காலத்து மாதிரி அது. சோழர்களை அடித்துத் துரத்தினாலும் அவர்கள் அச்சை விட மனமில்லை. லீலாவதி காசிலும் அதே வேட்டிக்காரன்தான் நிற்கிறான். எங்கள் தோட்டங்களுக்கு இது புதிதா? 1975ல் வெள்ளைக்காரக் கம்பெனி போய் அரசாங்கம் வந்தது, 1992ல் மறுபடி கம்பெனி. போர்டில் பெயர் மாறியது, லயம் அதே லயம்.

1208ல் பட்டத்துக்கு வந்த தர்மாசோகனுக்கு வயது மூன்று மாதம். அவன் பெயரிலும் காசு உண்டு, நின்ற கோலத்தில். லென்ஸை வாங்கிப் பார்த்த என் மனைவி பதறினாள்.

"கழுத்தே நிக்காத புள்ளய இப்படியா நிக்க வைப்பானுங்க? ஆத்தாக்காரி எங்க போனா?"